மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம்

முத்துப்பேட்டை
மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஃபாஜிலுக்கு, உன் வாப்பா ஜெக்கரியா சொல்லச் சொல்ல உன் தங்கை இர்ஃபானா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். படைத்தவன் காவலில் நாங்கள் எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், தம்மாமில் நீயும் அவ்விதமே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வாதம் வந்த என் வலது கை இன்னும் பேனாவைப் பிடிக்க மறுக்கிறது. பட்டுக்கோட்டை டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொன்னார், பிசைகிறேன், உன் உம்மா அதைப் பார்த்துவிட்டு இந்த நேரத்துக்கு ரொட்டி மாவைப் பிசைஞ்சிருந்தா நாலு பேரு பசியாறியிருக்கலாமே என்கிறாள். ஆகையால் எழுதுவது இர்ஃபானா. நான் பேசுகிறபடியே எழுது என்றால் கேட்கமாட்டாள், தமிழ் டீச்சர் கண்ணில் பட்டால் மானம் போய்விடும் என்று என் வாயில் வருவதையெல்லாம் புத்தகத் தமிழாக்கித்தான் காகிதத்தில் இறக்குகிறாள். முடிந்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் அனுப்புவேன், அதனால் இதில் இருப்பது என் பேச்சு என்றே எடுத்துக்கொள்.

போன தடவை போனில் நீ கேட்டதற்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, உம்மா பக்கத்தில் நின்றாள். உங்கள் கம்பெனி வேலையை மூடுகிறது, ஒன்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்கே திரும்பவேண்டும், இல்லாவிட்டால் பாலைவனத்துக்குள் இருக்கும் வேறு முகாமுக்குச் சரக்கு ஏற்றும் வேலைக்குப் போகவேண்டும், எது செய்யட்டும் வாப்பா என்று கேட்டாய். நான் பதில் சொல்லுமுன் நீயே, எனக்குத்தான் தஞ்சாவூர்ல வெங்கட்ராகவன் சார் இருக்காரே, மெஷினெல்லாம் பத்திரமா இருந்தாப் போதும், வந்துடுறேன் என்று சொல்லிவிட்டாய். நீ அங்கே எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்கவேண்டும் என்பதுதான் என் கவலை. மெஷின்கள் பத்திரமாக இல்லை மகனே. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் யார் மேலும் கோபப்படாமல் கடைசிவரை படி.

உன் பெரிய தங்கை ஜஸீலாவின் நிக்காஹ் நோன்புப் பெருநாள் கழித்து என்று முடிவாகிவிட்டது உனக்குத் தெரியும். மாப்பிள்ளை ஷஹ்பாஸ் நல்ல பையன், அதிகம் பேசமாட்டான், அதிராம்பட்டினத்தில் அவர்களுக்குச் செருப்புக் கடை. நம்மவர்களில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து இருப்பான், ஆண்பிள்ளை தான் கட்டுகிறவள் வீட்டுக்குப் போகவேண்டியவன். உனக்கு வந்த சம்பந்தமெல்லாம் அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு என்று தள்ளித் தள்ளி ஒன்றும் நிற்கவில்லை, அதனால் உனக்குப் போக ஒரு வீடு இல்லை. இங்கே மாடியில் இருக்கும் ஒரே அறை உன் அறை. காற்று வருவதும் கதவு சரியாகச் சாத்துவதும் அந்த அறைதான், மாப்பிள்ளை அறை என்றால் அதைத்தான் கொடுக்கமுடியும். நீ இங்கே நடத்திய கம்ப்யூட்டர் சென்டரை மூடியதும் அத்தனை மெஷினையும் அங்கே ஏற்றி, சுவர் தெரியாமல் அடுக்கி, மேலே பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டுப் போனாய். பிறகும் ஒவ்வொரு லீவுக்கும் பேங்க் ஏலத்தில் எடுத்தது, யாரோ தூக்கிப் போட்டது என்று ஏதாவது வந்து சேர்ந்தபடியே இருந்தது. மனுஷன் படுக்கிற ரூம்ல மெஷினு படுத்திருக்கு என்று உம்மா சொல்லாத நாளில்லை.

அதனால்தான் போனில் நீ சொன்ன முறைப்படியே எல்லாவற்றையும் குறைத்து, மிச்சத்தை மாடிப்படிக்குக் கீழே கொண்டுவர ஆரம்பித்தோம். வகைக்கு ஒன்று, அதுவும் ஓடுகிற ஒன்று, அதற்கு உதிரிக்காக ஓடாத ஒன்றைப் பிரித்து உள்ளே இருக்கும் சர்க்யூட் அட்டையை மட்டும் எடுத்துவைப்பது, மற்றதெல்லாம் வெளியே. வெங்கட்ராகவன் சார் தம் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் அறை வைக்கப்போவதாகவும், ஓடும் மெஷினாக இருந்தால் எடுத்துக்கொண்டு அவற்றைப் பார்த்துக்கொள்ள உன்னையே அங்கே வைத்துக்கொள்வதாகவும் உனக்கு வாக்குக் கொடுத்தாரல்லவா, அதை மனதில் வைத்துத்தான் செய்தோம். செய்தோம் என்றால் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், செய்தவள் இர்ஃபானா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். உன் பழைய புத்தகங்களைப் படித்துப் படித்து எது எந்தத் தலைமுறை என்று எனக்கே பாடம் நடத்தினாள். பழைய எக்ஸ்டி கம்ப்யூட்டரின் கீபோர்டு ப்ளக் அதற்கு அடுத்த தலைமுறை டூ எய்ட்டி சிக்ஸில் சரியாகப் போய் உட்காரும், ஆனால் ஓர் எழுத்தும் வராது என்று கண்டுபிடித்து, அன்றிலிருந்து ஒவ்வொரு கீபோர்டையும் அதனதன் மெஷினோடு சணல் போட்டுக் கட்டினாள். ஃப்ளாப்பியை எல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து பூஞ்சைக் காளான் பிடித்ததை ஒதுக்கினாள். டிவியில் மாட்டி, டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டு ஓட்டுவாயே, அழிரப்பர் போலக் கட்டை உள்ள அந்தச் சின்ன மெஷின், அது கீச்சென்று கத்திக்கொண்டே கோடு கோடாக ஓடி, கடைசியில் ஒரு வண்டு படம் வந்து நின்றதும் ஜஸீலாகூடக் கை தட்டினாள். ஒரு நாள் ஒரு மெஷினைப் போட்டதும் பின்னாலிருந்து புகை வந்துவிட்டது. ஜஸீலா குடத்துத் தண்ணீரோடு ஓடி வர, இர்ஃபானா கையை விரித்து வாசலை மறித்துக்கொண்டு, ராத்தா, தண்ணிய ஊத்துனா கரண்டுல நானும் சேந்து போயிடுவேன் என்று கத்தினாள். போனா எனக்கு வேலை மிச்சம்டி, கல்யாணப் பொண்ண புகையில நிறுத்துறியே என்று ஜஸீலா குடத்தை இறக்கிவைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். அந்த நாட்கள் இந்த வீட்டில் நல்ல நாட்களாகத்தான் இருந்தன, அதையும் உனக்குச் சொல்லவேண்டும்.

வெளியே போனது எல்லாம் பழைய சாமான் அரசப்பனிடம் போனது. உன்னிடம் சொல்லி அனுமதி வாங்கியதைத்தான் கொடுத்தோம். ஏன் பாய், டிவின்னா படம் வரணும், இதுல எழுத்துதான் வருது, அதுவும் பச்சையா, இத வச்சா உங்க மவன் இத்தன பேர துபாய்க்கு அனுப்புனாரு என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றினான். அனுப்பியது உண்மைதானே, நம் தெருவில் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் உன் பச்சை எழுத்தில் டைப் அடித்துக் கற்றுக்கொண்டு போனவர்கள்தான். மானிட்டர் கண்ணாடியை அவன் தெருமுனையிலேயே உடைத்தான், அந்தச் சத்தம் கேட்டு இர்ஃபானா காதைப் பொத்திக்கொண்டாள். இடம் சிறியது, எதையாவது உடைத்துத்தான் எதையாவது காக்கமுடியும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

மிஞ்சியதைப் படிக்குக் கீழே வைக்கும்போதுதான் உன் மாமா லியாகத் அலி வந்தார். வெள்ளையடிக்கிறவர்கள் ஏறி இறங்குவார்கள், கல்யாணச் சாமான் வரும், யாராவது இடித்துவிடுவார்கள், பெட்டியில் போட்டு உமி கொட்டி வைத்துவிட்டால் தஞ்சாவூருக்கு வண்டியில் போகும்போதும் அலுங்காது என்றார். பினாங்குலேருந்து வந்த பீங்கானெல்லாம் எதுல வந்துச்சு மச்சான், உமியிலதானே, ஒரு தட்டுல ஒரு கீறல் உண்டா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நம் வீட்டு அலமாரியில் அந்தத் தட்டுகள் இன்னும் இருக்கின்றன, நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். மறுநாளே அவர் அரிசி மில்லில் வேலை செய்யும் வேம்பு என்ற ஆள் மூட்டை மூட்டையாக உமி கொண்டுவந்து பலகைப் பெட்டிகளில் கொட்டி, ஒவ்வொரு மெஷினையும் குழந்தையைத் தொட்டிலில் போடுகிறமாதிரி இறக்கி, மேலேயும் உமியைப் போட்டு அமுக்கி ஆணி அடித்தான். இர்ஃபானா மட்டும், இதுக்கு உள்ளே காத்து போகணும் மாமா, மூச்சு முட்டும் என்று சொல்லிப்பார்த்தாள். மூச்சு விடுற சாமானா இது, அப்ப இதுக்கும் ஒரு மாப்பிள்ளை பாத்துடுவோம் என்று மாமா சிரித்தார், எல்லோரும் சிரித்தோம். கும்பகோணம் பேங்க் ஏலத்தில் நீ எடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாயே அந்த முதல் எக்ஸ்டி, அது எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. நாளைக்கு வேற பெட்டி கொண்டாரேன் என்று போன வேம்பு அறுவடை வேலையில் மறந்துவிட்டான். அதனால் அது மட்டும் மானிட்டரோடு இர்ஃபானாவின் படிக்கிற மேஜைக்குப் பக்கத்தில் வெறுமனே நின்றது.

அந்தக் காலத்தில் பீங்கானுக்குப் போடும் உமியைச் சலித்து நொய்யையும் தவிட்டையும் எடுத்துவிட்டு, நாள் கணக்கில் வெயிலில் போட்டு மொறுமொறுவென்று காய்ந்த பிறகுதான் பெட்டியில் கொட்டுவார்கள். அது மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் இது அவித்த நெல்லை அரைத்து அன்றைக்கே வந்த உமி, அறுவடை நேரத்தில் சலிக்க ஆளில்லை, கல்யாண அவசரத்தில் யாருக்கும் தோன்றவும் இல்லை. இந்த வருஷம் மழை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. கோரையாற்றில் தண்ணீர் மதகைத் தாண்டி ஓடியது, வயலும் வாய்க்காலும் ஒன்றாகத் தெரிந்தது, நம் வீட்டுத் தரையே வேர்த்தது. படிக்குக் கீழிருந்து புளித்த வாடை வந்தபோது உம்மா சாக்கடை அடைத்துக்கொண்டது என்று நினைத்து பினாயில் ஊற்றினாள்.

வெங்கட்ராகவன் சார் சொன்னபடியே மழைக்கு நடுவில் தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். கல்லூரியில் அறை தயாராகிவிட்டது, பெட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டி அனுப்புகிறேன் என்றார். இர்ஃபானா எல்லாவற்றையும் தானே காட்டவேண்டும் என்று யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நின்றாள். முதல் பெட்டியின் பலகையைப் பெயர்த்ததும் ஓர் எலி அவர் காலைத் தாண்டி ஓடியது. உமிக்குள் நொய் இருந்தது, நொய்க்கு எலி வந்தது, வந்த எலி ஒயரை எல்லாம் துண்டு துண்டாகக் கடித்து அதிலேயே கூடு கட்டிக் குட்டியும் போட்டிருந்தது. அடியில் இருந்த உமி ஈரம் குடித்துக் கஞ்சி போலக் குழைந்து மெஷின்களுக்கு உள்ளே போய் அப்பியிருந்தது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையாக எடுத்துத் துடைத்துப் பார்த்தார். செம்பெல்லாம் பச்சை பூத்து, சிப்புகளின் கால்கள் உளுத்துத் தொட்டால் உதிர்ந்தன. எல்லாப் பெட்டியும் அப்படித்தான். அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டார். நீங்க மனசுல வச்சுக்காதீங்கோ, எங்காத்துல மேல இருந்த வீணைய கரையான் தின்னுடுத்து, யாருக்கும் தெரியல என்று சொல்லி உம்மா கொடுத்த டீயைக் குடித்தார். நான் வெட்கத்தை விட்டு, ஃபாஜிலோட வேலை என்ன ஆகும் சார் என்று கேட்டேன். மெஷின் ஓடினாத்தான் ரூம், ரூம் இருந்தாத்தான் ஆள்னு மேனேஜ்மெண்ட்ல சொல்லுவா, நான் பேசிப் பாக்கறேன், பையனுக்கு நானே எழுதறேன் என்றார். வாசலில் செருப்பைப் போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் நல்லவர், எழுத மனம் வராமல் தள்ளிப்போடுகிறார் என்று நினைக்கிறேன். அதனால்தான் அவருக்கு முன்னால் நான் எழுதுகிறேன். அந்த வேலையை நம்பி நீ கையெழுத்துப் போடாதே.

லியாகத் அலி மாமா அதன் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. சைக்கிளில் போகும்போதுகூட நம் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறார் என்று ஜஸீலா சொல்கிறாள். நீ அவருக்கு இரண்டு வரி எழுது, மாமா நலமா என்று மட்டும் எழுது, போதும். இர்ஃபானா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கட்டிய சணலெல்லாம் அப்படியே இருக்கு வாப்பா, கட்டுன மெஷின்தான் இல்ல என்று அவள் சொன்னது எனக்குத்தான் தாங்கவில்லை. இந்த வரியை எழுத மாட்டேன் என்றாள், நான்தான் எழுதச் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போன வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் அறை பார்க்க வந்தார்கள். வெள்ளையடித்து, புதுக் கட்டில் போட்டு, நீ ஒயர் இழுத்த ஆணி ஓட்டையெல்லாம் அடைத்து அறை வேறு மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் உம்மா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, காத்து நல்லா வருது, எம் புள்ளைக்குத் தூக்கம் வந்துரும், ஆனா நீங்க அவன ரொம்ப நாளு தூங்க வுட்றாதீங்க, மச்சாங்காரரு அங்க இருக்காருல்ல, ஒரு விசா எடுத்து அனுப்பச் சொல்லுங்க என்றார்கள். உன் உம்மா இன்ஷா அல்லாஹ் என்று சொன்னாள், வேறு என்ன சொல்வாள். அவர்கள் போன பிறகு என்னிடம் வந்து, இப்ப அவன் வேலை இல்லாம வந்து நின்னா ஜஸீலா வாழ்க்கை என்னாவுறது, கல்யாணம் முடியிறவரைக்குமாவது அந்தப் பாலைவனத்துலேயே இருக்கச் சொல்லி எழுதுங்க என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். அவளைத் தவறாக நினைக்காதே, அவளுக்கு இருப்பது ஒரு வீடு, அதில் மூன்று பிள்ளைகள். இர்ஃபானாவுக்கு அடுத்து எந்த வீட்டைக் கொடுப்பது என்றும் சேர்த்து அழுகிறாள். எனக்கு வீடெல்லாம் வேணாம், புஸ்தகம் வைக்க ஒரு அலமாரி இருக்கிற இடத்துக்குக் கட்டிக்கொடுங்க என்று இவள் சொல்லி ஒரு குட்டும் வாங்கிக்கொண்டாள்.

உம்மா சொன்னபடி எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். பெட்டிகளை எல்லாம் அரசப்பன் வந்து வாரிக்கொண்டு போய்விட்டான், இந்தத் தடவை மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏற்றினான். படிக்குக் கீழே சுண்ணாம்பு அடித்துக் கழுவிவிட்டதும் உம்மா கல்யாணத்துக்கு வந்த பித்தளைப் பானைகளை அங்கே அடுக்கச் சொன்னாள். வேண்டாம் என்றேன். பிறகு எங்கே வைப்பது என்றாள். எங்கே வேண்டுமானாலும் வை, இங்கே வேண்டாம் என்றேன். மதியம் லுஹர் தொழுதுவிட்டு ஒரு பாயை எடுத்து அங்கே விரித்து நானே படுத்துப் பார்த்தேன். தலைப்பக்கம் நன்றாக உட்காரலாம், காற்று அவ்வளவாக இல்லை, ஒரு சின்ன டேபிள் ஃபேன் வைத்தால் சமாளிக்கலாம். யாராவது படியில் ஏறினால் நெஞ்சின் மேல் நடப்பது போல இருக்கும், அது இரண்டு நாளில் பழகிவிடும். கால் பக்கம்தான் கூரை தாழ்கிறது, அங்கே உன் எக்ஸ்டி இருக்கிறது. மாடி அறையும் போய், இர்ஃபானாவின் மேஜை இடத்துக்குப் பாத்திரமும் வந்த பிறகு அதை வைக்க வேறு இடமில்லை, அந்தக் கடைசி மூலையில்தான் தள்ளி வைத்திருக்கிறோம். என் காலே அதில் இடித்தது. நீ என்னைவிட உயரம்.

அதனால் என் பதில் இதுதான் ஃபாஜில். தஞ்சாவூரில் வேலை இல்லை, மாடியில் அறை இல்லை, மெஷின்கள் இல்லை, ஊருக்கு வந்தால் மாப்பிள்ளை வீட்டார் முகம் கோணும், உன் உம்மா கொஞ்ச நாள் உன்னிடம் சரியாகப் பேசமாட்டாள். இதெல்லாம் தெரிந்துகொண்டு வா. பாலைவன முகாமுக்குப் போகாதே, போனால் இன்னும் இரண்டு வருஷம் என்பார்கள், அதற்குள் என் கையைப் பிடித்த வாதம் நாக்குவரை வந்துவிட்டால் வா என்று சொல்ல இந்த வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். ஜஸீலாவிடம் நான் கேட்டுவிட்டேன். ஃபாஜில் காக்கா வந்தா நின்னுபோற கல்யாணம்னா நின்னுட்டுப் போவட்டும் வாப்பா என்று அவள் சொன்னாள், சொல்லும்போது பானையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், அவள் கண்ணை நான் பார்க்கவில்லை.

வெயிலில் தலையை மூடிக்கொண்டு நட, தண்ணீர் நிறையக் குடி, கோபத்தில் யாரிடமும் வார்த்தையை விடாதே, பாஸ்போர்ட் கையில் வந்த பிறகு டிக்கெட்டைப் பற்றிப் பேசு. ரப்புல் ஆலமீன் உன்னைப் போன வழியே திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பானாக, உன் மூச்சையும் கை காலையும் பாதுகாப்பானாக, ஆமீன்.

மறக்காமல் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. அந்த எக்ஸ்டி இன்னும் ஓடுகிறது, இர்ஃபானா வாரம் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு பச்சை எழுத்து வந்ததும் அணைத்துவிடுகிறாள். அதை எடுத்துவிட்டால் நீ காலை நீட்டிப் படுக்கலாம், அது இருந்தால் மடக்கித்தான் படுக்கவேண்டும். அரசப்பன் அடுத்த வாரமும் இந்தத் தெருவுக்கு வருவான். எடுக்கட்டுமா, இருக்கட்டுமா என்று நீ எழுதும்வரை அதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வாசித்துக் கேட்டேன், சரியாகத்தான் இருக்கிறது. இடது கையால் போடுகிறேன், கோணலாக இருந்தாலும் என் கையெழுத்துதான்.

உன் வாப்பா
ஜெக்கரியா